பதினைந்து தேர்தல்கள், ஒரு விதிவிலக்கு: திண்டிவனம் – விழுப்புரம் மக்களவைத் தொகுதி

2009 மே 16. விழுப்புரம் மக்களவைத் தொகுதியின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டபோது அதிமுகவின் எம். ஆனந்தனுக்கு 3,06,826 வாக்குகள் இருந்தன. திமுக அணியில் நின்ற விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் கே. சுவாமிதுரைக்கு 3,04,029. வித்தியாசம் 2,797. மாநிலத்தில் அன்றைக்கு திமுக அணி 27 இடங்களையும் அதிமுக அணி 12 இடங்களையும் பிடித்தன. அதாவது, மாநிலம் ஒரு பக்கம் சாய, விழுப்புரம் மறு பக்கம் சாய்ந்தது.

மற்றத் தொகுதிகளில் இது பெரிய செய்தியாக இருக்காது. இங்கே அப்படியில்லை. திண்டிவனம் என்ற பெயரில் 2004 வரையும் விழுப்புரம் என்ற பெயரில் 2009 முதலும் இந்த வட்டாரம் தேர்ந்தெடுத்தவர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், 1967இலிருந்து 2024 வரையிலான பதினைந்து பொதுத்தேர்தல்களில் பதினான்கில் மாநிலத்தில் அதிக இடம் பிடித்த அணியின் வேட்பாளரே இங்கும் வென்றிருக்கிறார். 2009 மட்டும் விலகி நிற்கிறது. தொகுதி தனித்தொகுதியாக மாறிய பிறகு நடந்த முதல் தேர்தலும் அதுதான்.

இந்தப் பதினான்கை மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் பெரும்பாலும் துடைத்தெடுப்பதாகவே முடியும். ஓர் அணி 37, 38, 39 என்று அள்ளிக்கொண்டு போகும் ஆண்டில் எந்தத் தொகுதியை எடுத்துப் பார்த்தாலும் அது வென்றவர் பக்கமே இருக்கும். உண்மையான சோதனை, இடங்கள் ஓரளவாவது பிரிந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது: 1998, 1999, 2009. அவற்றில் முதல் இரண்டில் தொகுதி மாநிலத்தோடு போனது, மூன்றாவதில் போகவில்லை. ஏன் என்று கேட்பதற்கு முன்னால் இந்த மண்ணின் பழைய கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

பெயரைப் பார்த்து இதை நகரத் தொகுதி என்று நினைத்துவிடக் கூடாது. விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. திண்டிவனம் சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் வழி பிரியும் ஊர். இரண்டும் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் நீதிமன்றமும் உள்ள நகரங்கள். ஆனால் வாக்காளர்கள் ஊர்ப்புறத்தார். 2011 கணக்கெடுப்பின்படி, அப்போது பிரிக்கப்படாமல் இருந்த விழுப்புரம் மாவட்டத்தில் நகரங்களில் வசித்தவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 சதவீதம். மாநிலச் சராசரி 20. இன்னொரு பெரும் சமூகம் வன்னியர். அவர்களுக்கு அதிகாரபூர்வமான எண்ணிக்கை கிடையாது என்பதால் ஆளுக்கொரு சதவீதம் சொல்கிறார்கள். அவற்றை நான் இங்கே எடுத்தாளப் போவதில்லை. நெல், கரும்பு, மணிலா விளையும் நிலம். ஊரும், பட்டியல் சாதியினர் வாழும் காலனியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் தனித்தனியாக வாழும் அமைப்பு. இந்த இரண்டு சமூகங்களின் வாக்கும் ஒரே வேட்பாளருக்குச் சேர்ந்து விழுமா என்ற கேள்விதான் முதல் தேர்தலிலிருந்து கடைசித் தேர்தல் வரை இந்தத் தொகுதியைத் தொடர்ந்து வருகிறது.

முதல் தேர்தலில் அந்தக் கேள்விக்குச் சட்டமே ஒரு விசித்திரமான விடை வைத்திருந்தது. 1952இல் திண்டிவனம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே நிலப்பரப்பு, இரண்டு இடங்கள். ஒன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. வாக்குச்சீட்டை விரும்பிய பெட்டியில் போட வேண்டியதுதான். பட்டியல் சாதி வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவருக்கு ஒதுக்கீட்டு இடம். மீதியிருப்பவர்களில், எந்தச் சாதியினராக இருந்தாலும், அதிகம் வாங்கியவருக்குப் பொது இடம்.

இந்த ஏற்பாட்டில் கட்சிகள் வேட்பாளர்களை ஜோடியாகத்தான் நிறுத்தியாக வேண்டும். ஊரின் இரண்டாவது வாக்கு காலனி வேட்பாளருக்கும், காலனியின் இரண்டாவது வாக்கு ஊர் வேட்பாளருக்கும் போனால்தான் ஜோடி ஜெயிக்கும். திண்டிவனத்தில் அப்படி ஒரு ஜோடி ஜெயித்தது. வி. முனிசாமி, ஏ. ஜெயராமன் இருவருமே தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. காங்கிரசுக்கு இரண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. பேர் சொல்லும்படியான ஒரு காங்கிரஸ் மண் இது என்பதை நினைத்துக்கொண்டால் அந்தத் தோல்வியின் கனம் தெரியும்: நாடு விடுதலையடைந்த நாளில் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

உழைப்பாளர் கட்சியை நடத்தியவர் எஸ். எஸ். ராமசாமி படையாட்சி. வட ஆர்க்காடு, செங்கல்பட்டு பக்கம் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. தென் ஆர்க்காட்டில் இது. இரண்டுமே வன்னியர் இயக்கத்திலிருந்து முளைத்தவை. 1952 சட்டமன்றத்தில் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள், காமன்வீலுக்கு 6. பெரும்பான்மை இல்லாமல் தவித்த காங்கிரசுக்கு இந்த 25 பேரும் தேவைப்பட்டார்கள். மாணிக்கவேலு நாயக்கர் ராஜாஜி அமைச்சரவையில் சேர்ந்தார். ராமசாமி படையாட்சி 1954இல் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். காங்கிரசை எதிர்த்து வாங்கிய வாக்கு இரண்டே ஆண்டில் காங்கிரசுக்குள் போய்ச் சேர்ந்தது. வட தமிழகத்தில் பிற்காலத்தில் நாம் பார்க்கப்போகும் எல்லா அணி மாற்றங்களுக்கும் ஒத்திகை அப்போதே நடந்துவிட்டது என்று சொல்வேன்.

அந்தக் கப்பலில் ஏறாதவர் ஒருவர் உண்டு. விழுப்புரம் வட்டாரத்து ஏ. கோவிந்தசாமி 1952இல் உதயசூரியன் சின்னத்தில் சட்டமன்றத்துக்கு வந்தவர். காங்கிரசை ஆதரிக்க மறுத்துத் தனியே நின்று, பிறகு திமுகவில் சேர்ந்தார். 1967இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண்மைத் துறை அவரிடம் இருந்தது. உதயசூரியன் திமுகவுக்கு வந்ததே அவர் வழியாகத்தான் என்பது அக்கட்சியினரே சொல்லும் வரலாறு. இன்றைக்குத் தமிழ்நாட்டின் சுவர்களில் எல்லாம் இருக்கும் ஒரு சின்னம், விழுப்புரத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது.

இரட்டை உறுப்பினர் முறை நெடுநாள் நீடிக்கவில்லை. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்க, பொது இடமும் பழங்குடியினர் ஒருவருக்கே போய்விட்டது. தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் அங்கும் கிரிக்குத் தோல்வியே. ஒதுக்கீட்டு வேட்பாளர் பொது இடத்தையும் பிடிக்க முடியும் என்று தெரிந்ததும் பெரிய கட்சிகளுக்கு இந்த முறை கசந்துவிட்டது. 1961இல் ஒரு சட்டம் போட்டு இரட்டைத் தொகுதிகளை ஒழித்தார்கள். நிர்வாகச் சிக்கல் என்று காரணம் சொன்னார்கள், இருக்கலாம். ஆனால் ஊரும் காலனியும் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் வாக்குப் போட வேண்டிய நிர்ப்பந்தம் இருந்த ஒரே ஏற்பாடு அதுதான். அதன் மறைவுக்கு யாரும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை.

திண்டிவனம் அதற்கு முன்பே பொதுத் தொகுதியாகியிருந்தது. 1957இல் சண்முகம் என்ற சுயேச்சை வென்றார். மாநிலம் முழுவதும் காங்கிரஸ் வென்றுகொண்டிருந்த ஆண்டு அது. 1962இல் காங்கிரசின் ஆர். வெங்கடசுப்பா ரெட்டியார். 1967இல் திமுக அலை; டி. டி. ஆர். நாயுடு. அதன் பிறகு தொகுதி தன் பிடிவாதத்தை விட்டுவிட்டு மாநிலத்தின் போக்கோடு நடக்கத் தொடங்குகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளின் வரலாறு வேடிக்கையானது. 1971 முதல் 1991 வரை ஆறு தேர்தல்கள், ஆறிலும் காங்கிரஸ். மாநிலத்தில் ஆட்சியைப் பறிகொடுத்த கட்சி ஒரே தொகுதியை ஆறு முறை எப்படி வென்றது? பெயர்களைப் பார்த்தால் விளங்கும். எம். ஆர். லட்சுமிநாராயணன் 1971இல் வென்றபோது இந்திரா காங்கிரஸ் திமுகவோடு கூட்டணி. 1977இல் அவரே மறுபடி வென்றபோது காங்கிரஸ் அதிமுகவோடு கூட்டணி. 1980இல் ராமசாமி படையாட்சி, இப்போது காங்கிரஸ்காரராக, வென்றபோது திமுக துணை. 1984இல் அவரே திரும்ப வென்றபோது அதிமுக துணை. 1989இலும் 1991இலும் அதிமுக துணையோடு ஆர். ராமதாஸ், கே. ராமமூர்த்தி. பின்னவரை மக்களவையின் உறுப்பினர் பட்டியல் ஊர்ப் பெயரையும் சேர்த்தே குறித்து வைத்திருக்கிறது. காங்கிரசில் வாழப்பாடிக்காரர் இன்னொரு ராமமூர்த்தி இருந்ததால் அவரைத் ‘திண்டிவனம்’ ராமமூர்த்தி என்றால்தான் தெரியும்.

இதே ஆட்டம் மூன்றாவது முறையும் நடந்தது. மதிமுகவின் செஞ்சி ந. ராமச்சந்திரன் 1998இல் ஜெயலலிதாவின் அணியில் நின்று வென்றார். பதின்மூன்றே மாதத்தில் மத்திய ஆட்சி கவிழ்ந்து, 1999இல் கருணாநிதியின் அணியில் நின்று மறுபடி வென்றார். வாஜ்பாய் அரசில் ஜவுளி, நிதித் துறைகளின் இணை அமைச்சராகவும் இருந்தார். ஆக மூன்று பேர், இரண்டிரண்டு வெற்றி. மூவருமே இரு வெற்றிகளுக்கு நடுவில் திராவிடத் துணையை மாற்றிக்கொண்டவர்கள். வேட்பாளரின் செல்வாக்குக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துணை மாறியும் ஆள் மாறாமல் வெல்கிறார் என்றால், வாக்காளர்கள் ஆளையும் பார்க்கவில்லை, கட்சியையும் பார்க்கவில்லை. பெரிய அணி எது என்று பார்த்தார்கள், அல்லது பெரிய அணி அமைந்ததாலேயே அவர் வென்றார். இரண்டில் எது என்று தொகுதி முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.

இந்த அமைதியான வரிசைக்கு அடியில் மண் கொதித்துக்கொண்டிருந்தது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரிலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கிராமத்தில் அல்ல, ரயில் சந்திப்பும் கடைத்தெருவும் உள்ள நகரத்தில். 1980இல் வந்த தேர்தலின் முடிவில் அதன் தடம் எதுவும் தெரியவில்லை என்பது, தேர்தல் முடிவுகளை மட்டும் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை.

அதே 1980இல் திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ச. ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கினார். 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல். ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் மறித்தால் தென்மாவட்டங்களுக்குச் சென்னையின் தொடர்பு அறுந்துபோகும். மரங்கள் வெட்டிப் போடப்பட்டன. காலனிக் குடிசைகளும் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் மோதல்களிலும் இறந்த 21 பேரைச் சங்கம் தியாகிகளாக நினைவுகூர்கிறது. 1989இல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீட்டை உருவாக்கியது. அந்த ஆண்டு ஜூலையில் சங்கம் பாட்டாளி மக்கள் கட்சியாக மாறி, நவம்பரில் மக்களவைத் தேர்தலைத் தனியாகச் சந்தித்தது. மாநில அளவில் 6 சதவீதத்தை ஒட்டி வாக்கு, இடம் ஒன்றுமில்லை. ஒதுக்கீடு கொடுத்த திமுக ஓர் இடத்திலும் வெல்லவில்லை. திண்டிவனத்தில் ராமதாஸ் என்ற பெயர்தான் வென்றது. ஆனால் அவர் மேலே சொன்ன காங்கிரஸ் ராமதாஸ்.

கட்சி பிறந்த ஊரில் அக்கட்சியின் வேட்பாளர் மக்களவைக்குப் போக மேலும் 15 ஆண்டுகள் ஆயின. 1996இல் திமுக – தமாகா அலையில் டி. ஜி. வெங்கட்ராமன் வென்று தரைவழிப் போக்குவரத்து அமைச்சரானார். 1998, 1999 தேர்தல்களில் பாமக வெல்லும் அணியில்தான் இருந்தது. ஆனால் இந்தத் தொகுதி மதிமுகவுக்குப் போனது. 2004இல்தான் திமுக அணியில் பாமகவின் கே. தன்ராஜ் இங்கிருந்து வென்றார். தமிழ்நாட்டில் பாமக நின்ற ஐந்து இடங்களும் கிடைத்த ஆண்டு அது. திண்டிவனம் மக்களவைத் தொகுதியின் கடைசித் தேர்தலும் அதுதான்.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் 2001 கணக்கெடுப்பை வைத்து நாட்டின் தொகுதி எல்லைகளை மாற்றி எழுதியது. 2008 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. திண்டிவனத்தோடு வந்தவாசி, புதுக்கோட்டை, சிவகாசி, பழனி, திருச்செங்கோடு, நாகர்கோவில் எனப் பல பழைய பெயர்கள் மக்களவை வரைபடத்திலிருந்து மறைந்தன. புதுக்கோட்டைக்காரர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். திண்டிவனத்தில் அவ்வளவு பேச்சில்லை. புதிய விழுப்புரம் தொகுதியில் திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள். செஞ்சியும் மயிலமும் ஆரணிக்குப் போயின. மக்களவைத் தொகுதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள். திண்டிவனம் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதியாயிற்று. வானூர் முன்பே அப்படித்தான்.

அமெரிக்காவில் காங்கிரஸ் தொகுதிகளின் கோட்டைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றங்களே வரைகின்றன. யாருக்குச் சாதகமாக வளைத்தார்கள் என்று வழக்குகள் வருடக்கணக்கில் ஓடும். இந்தியாவில் ஆணையத்தின் ஆணை அரசிதழில் வந்த பிறகு நீதிமன்றத்தில் எளிதில் அசைக்க முடியாது. பட்டியல் சாதியினரின் விகிதம் அதிகமுள்ள இடங்களில், அதே சமயம் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக, தனித்தொகுதிகளை அமைக்க வேண்டும் என்பது சட்டம். விழுப்புரத்தின் விகிதத்தைப் பார்த்தால் ஒதுக்கீட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் விளைவு ஒன்று உண்டு. வன்னியர் அரசியலின் தலைநகரம் என்று சொல்லத்தக்க திண்டிவனத்தில் வன்னியர் யாரும் இப்போது சட்டமன்றத்துக்கும் நிற்க முடியாது, மக்களவைக்கும் நிற்க முடியாது. திண்டிவனத்தில் 2001, 2006 இரண்டு முறை வென்ற அதிமுகவின் சி.வி. சண்முகம் 2011இல் விழுப்புரத்துக்கு இடம் பெயர்ந்ததற்குக் காரணம் இந்தக் கோடுதான்.

இனித்தான் 2009. தனித்தொகுதியில் வேட்பாளர் அனைவரும் பட்டியல் சாதியினர். வாக்காளரில் பெரும்பாலோர் மற்றவர்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதிகளை விட்டுக்கொடுத்துப் பொது வாக்காளர் முறையை ஏற்றபோது அம்பேத்கர் அஞ்சியது இதைத்தான்: ஒதுக்கீட்டு இடத்துக்கு யார் போவது என்பதை மற்றவர்களே தீர்மானிப்பார்கள். தலித் மக்களின் சொந்தக் கட்சி தன் பெயரில் தனித்தொகுதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை அதற்கு 77 ஆண்டுகள் கழித்து விழுப்புரமும் சிதம்பரமும் காட்டின.

இரண்டும் வட மாவட்டத் தனித்தொகுதிகள். 2009இல் இரண்டிலும் விசிக, திமுக அணியில், சொந்தமாக நட்சத்திரச் சின்னத்தில் நின்றது. எதிரணியில் அதிமுகவும் பாமகவும் சேர்ந்திருந்தன. சிதம்பரத்தில் தொல். திருமாவளவன் 99,083 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். விழுப்புரத்தில் சுவாமிதுரை 2,797இல் தோற்றார். தலைவர் நின்ற தொகுதிக்கும் தொண்டர் நின்ற தொகுதிக்கும் வித்தியாசம் இருக்காதா என்று கேட்கலாம், இருக்கும். தேமுதிக தனியாக நின்று மாநிலம் முழுவதும் 10 சதவீதத்தை ஒட்டி வாக்கு பிரித்த தேர்தல் என்பதும் உண்மை. திமுகவின் சாதி இந்து வாக்காளர்கள் நட்சத்திரத்துக்குப் போடவில்லை என்று விசிகவினர் சொல்லும் மனத்தாங்கலும் பொய்யாக இருக்காது. ஆனால் அதே மனத்தாங்கல் சிதம்பரத்துக்கும் பொருந்த வேண்டுமே? அங்கே ஒரு லட்சத்தைத் தொட்ட வெற்றி.

எல்லாரும் விசிகவின் சின்னத்தைப் பார்க்கிறார்கள். எதிரே இருந்த சின்னத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். சிதம்பரத்தில் எதிரே நின்றது பாமகவின் மாம்பழம். விழுப்புரத்தில் எதிரே நின்றது அதிமுகவின் இரட்டை இலை.

2019இல் இந்தச் சோதனை தலைகீழாக மறுபடி நடந்தது. திமுக அணியில் மீண்டும் விசிகவுக்கு அதே இரண்டு தொகுதிகள். எதிரணியில் மீண்டும் அதிமுகவும் பாமகவும். இந்த முறை விழுப்புரத்தில் எழுத்தாளரும் விசிக பொதுச் செயலாளருமான து. ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார். எதிரே பாமகவின் வடிவேல் ராவணன், மாம்பழம். வித்தியாசம் 1,28,068. சிதம்பரத்தில் திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். எதிரே அதிமுகவின் சந்திரசேகர், இரட்டை இலை. வித்தியாசம் வெறும் 3,219. திமுக அணி 38 இடங்களை அள்ளிய ஆண்டில், அக்கட்சியின் தலைவரே நின்ற தொகுதியில், விடிய விடிய எண்ணி மூவாயிரத்தில் தப்பித்தார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம், உதயசூரியன் வாக்கைச் சேர்த்தது, பானை சேர்க்கவில்லை என்பது. பாதி சரி. ஆனால் 2009இல் இரண்டு இடத்திலும் ஒரே நட்சத்திரம்தானே? அங்கே முடிவு பிரிந்ததை அந்த விளக்கத்தால் சொல்ல முடியாது. மாம்பழமா, இரட்டை இலையா என்று பார்த்தால் இரண்டு தேர்தல்களின் நான்கு முடிவுகளும் ஒரே வரிசையில் நிற்கின்றன: விசிகவை எதிர்த்து மாம்பழம் நின்ற இரண்டு இடத்திலும் பெருந்தோல்வி, இரட்டை இலை நின்ற இரண்டு இடத்திலும் மயிரிழைப் போட்டி. பாமக வாக்காளர் இரட்டை இலைக்கு மாற்றிப் போடுவார். அதில் அவருக்குத் தயக்கமில்லை. அதிமுக வாக்காளர், குறிப்பாக எம்ஜிஆர் காலத்திலிருந்து அக்கட்சியில் இருக்கும் காலனி வாக்காளர், மாம்பழத்துக்குப் போட மாட்டார். மரக்காணம் வட்டாரம் 2013 ஏப்ரலில் கண்ட சாதி வன்முறைக்குப் பிறகு அந்தத் தயக்கம் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. பாமகவும் சும்மா இருக்கவில்லை: பொதுச் செயலாளர் பதவியைத் தலித் ஒருவருக்கு வழங்கும் வழக்கம் அதற்கு உண்டு, தலித் எழில்மலையை 1998இல் சிதம்பரத்திலிருந்து மக்களவைக்கு அனுப்பி மத்திய அமைச்சராக்கியது, வடிவேல் ராவணனும் பொதுச் செயலாளராக இருந்தவரே. வேட்பாளரின் சாதியால் சின்னத்தின் சாதியை மறைக்க முடியவில்லை.

நான்கு முடிவுகளை வைத்து விதி எழுதக் கூடாது என்பது தெரியும். நடுவில் 2014 வேறு மாதிரி. அதிமுக தனியாக நின்று 37 இடங்களை வென்ற ஆண்டு, இங்கே எஸ். ராஜேந்திரன் 1,93,367 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் முத்தையனை வென்றார். தனித்தொகுதி விழுப்புரத்தின் மிகப் பெரிய வெற்றி இதுவே. பாவம், பதவிக்காலம் முடியும் முன் 2019 பிப்ரவரியில் திண்டிவனம் அருகே சாலை விபத்தில் அவர் இறந்துபோனார்.

2024இல் அதிமுகவும் பாமகவும் பிரிந்தன. ரவிக்குமார் இந்த முறை பானையில் நின்று 4,77,033 வாக்குகள் பெற்றார். அதிமுகவின் பாக்யராஜுக்கு 4,06,330. பாமகவின் முரளி சங்கருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். வித்தியாசம் 70,703. சிதம்பரத்தில் அதே பானையில் திருமாவளவன் 1,03,554இல் வென்றார். இரண்டு வெற்றிகளால் விசிக மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தைப் பெற்றது. அதிமுக, பாமக வாக்குகளைக் கூட்டினால் ரவிக்குமாரின் வாக்கை விட ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாக வருகிறது, ஆகவே சேர்ந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று தொலைக்காட்சி விவாதங்களில் கூட்டிக் காட்டுவார்கள். அந்த இரண்டு கட்சிகளும் சேர்ந்து நின்ற 2019இல் இதே தொகுதியில் கிடைத்தது 4,31,517 மட்டுமே. மாம்பழத்தில் சேர்ந்தால் அந்த எண். இரட்டை இலையில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. கூட்டலுக்கு முன்னால் எந்தச் சின்னத்தின் மேல் கூட்டுகிறோம் என்று கேட்க வேண்டும்.

உதயசூரியனுக்கு ஒரு விலையும் உண்டு. 2019இல் ரவிக்குமார் மக்களவைக் கணக்கில் திமுக உறுப்பினர். அந்த ஆண்டு திமுகவின் 24 என்ற எண்ணில் பெரம்பலூர், ஈரோடு, நாமக்கல், விழுப்புரம் ஆகிய நான்கும் தோழமைக் கட்சிக்காரர்கள் உதயசூரியனில் வென்றவை. கோவிந்தசாமி கொண்டுவந்த சூரியன் விழுப்புரத்தில் இன்னொரு கட்சியின் பொதுச் செயலாளருக்கு வெற்றி தந்தது. பதிலுக்கு ஐந்து ஆண்டுகள் அந்தக் கட்சியின் பெயர் அவையில் ஓர் இடம் குறைந்து ஒலித்தது. பானையில் நின்று வென்றதை விசிகவினர் கொண்டாடியதன் பொருள் அதுதான்.

சட்டமன்றத் தேர்தல்களில் இந்த மண்ணின் நடத்தை வேறு. 2016இல் திண்டிவனம் தனித்தொகுதியில் திமுக 101 வாக்குகளில் வென்றது. விக்கிரவாண்டி ஐந்து ஆண்டுக்குள் இரண்டு இடைத்தேர்தல்களைக் கண்டது: 2019 அக்டோபரில் அதிமுக 44,924 வித்தியாசத்தில், 2024 ஜூலையில், அதிமுக புறக்கணிக்க, திமுகவின் அன்னியூர் சிவா பாமகவை 67,757 வித்தியாசத்தில். இரண்டு முறையும் வென்றது அப்போதைய ஆளுங்கட்சி. அந்த இடைத்தேர்தலுக்கு ஓராண்டுக்கு முன்னால்தான் அதே வட்டத்து மேல்பாதி கிராமத்தில் தலித்துகள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்ததால் தாக்கப்பட்டு, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். தலித் உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து வெல்லும் தொகுதியில் கோயில் கதவு திறக்க உயர் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. ஒதுக்கீடு மக்களவையில் இடம் கொடுக்கும். ஊருக்குள் இடம் கொடுப்பது அதன் வேலையல்ல என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். ஊர் வாக்கு தேவைப்படும் வேட்பாளர் ஊரைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையைத்தான் பொது வாக்காளர் முறை உண்டாக்கி வைத்திருக்கிறது. மேல்பாதி விவகாரத்தில் ரவிக்குமார் போல வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்கள் சிலரே.

இந்தக் கட்டுரையில் நான் வைத்த வாதத்தை உறுதிப்படுத்தவோ உடைக்கவோ ஒரு வழி உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குச்சாவடிவாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று காட்டும் படிவம் 20ஐத் தேர்தல் அதிகாரிகள் வெளியிடுகிறார்கள். ஊர்ச் சாவடியும் காலனிச் சாவடியும் பல கிராமங்களில் தனித்தனி. 2009, 2019, 2024 மூன்றின் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரட்டை இலைக்கு விழுந்த காலனி வாக்கு மாம்பழத்துக்கு விழுந்ததா, உதயசூரியனுக்கு விழுந்த ஊர் வாக்கு பானைக்கு விழுந்ததா என்பது தெரிந்துவிடும். வெளியூர் ஆய்வாளர் வந்து செய்ய வேண்டிய வேலை அல்ல இது. எந்தச் சாவடி எந்தத் தெருவுக்கு என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் இந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கின்றன. அங்குள்ள வரலாற்று, அரசியல் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தப் படிவங்களைச் சேகரித்து ஒரு தொகுப்பாக்கி வெளியிட வேண்டும். அடுத்த மறுவரையறையில் இந்தக் கோடுகள் மறுபடி மாறும் முன்னால் அதைச் செய்துவிட வேண்டும்.